பேக்கரிக்காரர் வண்டிச் சத்தம்

என் வீட்டுக்காரரை எல்லாரும் "காது" என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காத மனிதருக்கு இப்படி ஒரு பெயர்! தெருமுனையில் ஒரு பழைய ஜப்பான் வண்டி திரும்பினால் போதும், வாயில் இருக்கும் டீயை விழுங்குவதற்கு முன்பே, "பெயிண்டர் வர்றான், செயின் லூசா கிடக்கு" என்பார். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நான் காலையில் சொன்னது மட்டும் சாயங்காலம் வரை அந்தக் காதில் ஏறாது.

அவர் அந்த வண்டிகளுக்கு என்ஜின் வேலை பார்ப்பவர். நான் அதே பட்டறையின் முன்னறையில் உட்கார்ந்து சீட் தைப்பவள். ரெக்சினை வெட்டி, பழைய பஞ்சைப் பிய்த்து எறிந்து, புதுசு வைத்து, மிஷினில் ஏற்றி அடித்துக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம் என்று என் தம்பி சொல்வான். சின்ன வயதில் என்னிடம் வாங்கியது அப்படி.

அந்த வண்டிகள் இவருக்கும் இவர் கூட்டாளிகளுக்கும் மீசை அரும்பிய காலத்தில் வந்தவை. இரட்டை சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு சைலன்சர், பெட்ரோலோடு ஆயிலையும் குடித்துவிட்டுப் பின்னால் நீலமாகப் புகை விடும். அப்புறம் புகைக்குச் சட்டம் வந்தது, அந்த மாதிரி வண்டி வருவதும் நின்றது. வண்டி நின்றதே ஒழிய இந்த ஆட்கள் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் முற்றத்தில் ஆஜர். தலை வழுக்கை விழுந்தவன், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன், தொப்பை டேங்கில் இடிக்கிறவன், எல்லாரும் கிக்கரை ஒரு மிதி மிதித்ததும் இளவட்டம் ஆகிவிடுவார்கள். "அந்தக் காலத்துல ஜப்பான்காரன் போட்ட இரும்பு அண்ணி! இப்ப வர்றதெல்லாம் வண்டியா?" என்று என் பேட்டரி ஸ்கூட்டரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்கு மிக்சி என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

திட்டுவேனே தவிர எனக்கும் அந்தப் புகை வாசனை பிடிக்கும். கல்யாணமான புதிதில் இவர் முதுகைக் கட்டிக்கொண்டு அந்த வண்டியில் பறந்தவள்தானே நானும். அந்த வாசனை வந்தால் என் முழங்கால் வலிகூடக் கொஞ்சம் மறந்துபோகும்.

ஞாயிறுகளில் ஒரு விளையாட்டு உண்டு. இவர் கண்ணைத் துண்டால் கட்டி முற்றத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பின் சந்தில் ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் செய்வார்கள். இவர் உட்கார்ந்தபடியே பெயர் சொல்லுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதிலும் பேக்கரிக்காரர் வண்டியை என்னாலேயே சொல்ல முடியும். இடது சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழ, அதை வெட்டி, உள்ளே தகடு வைத்து இவர்தான் பற்றவைத்துக் கொடுத்தார். ஆக்சிலரேட்டரை விட்டதும் அது இரண்டு தடவை தொண்டையைச் செருமும். வேறு எந்த வண்டிக்கும் அந்தச் செருமல் கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. உதிரிபாகம் எங்கேயும் கிடைக்காது என்பதால் இவர்களுக்குள் எல்லாம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருத்தன் கார்புரேட்டர் இன்னொருத்தன் வண்டியில் ஓடும். ஒருத்தன் வண்டி ஸ்பீடோமீட்டர் இன்னொருத்தன் வண்டியில் துடிக்கும். "ரெண்டு நாள் கொடு, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து தர்றேன்" என்றால் போதும், கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். பெண்டாட்டி நகையைக் கேட்டால்கூட அவ்வளவு சுலபமாகக் கொடுக்க மாட்டார்கள்.

அன்று இருட்டத் தொடங்கும் நேரம். இவர் முக்குக் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். என் தம்பி பின் சந்து வழியாகத் தன் ஜப்பான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனும் இந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். கல்யாணம் ஆகாதவன், கேபிள் இழுக்கும் வேலை, எந்த நேரத்தில் வருவான் எந்த நேரத்தில் போவான் என்று சொல்ல முடியாது. ஹெட்லைட் உடைந்து கண்ணாடி தொங்கியது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. பிளக் போச்சு. தள்ளிட்டு வரும்போது சுவத்துல இடிச்சிட்டேன்."

அவனே தார்ப்பாயை எடுத்து வண்டியை மூடினான். கை கழுவச் சொல்லிச் சோறு போட்டேன். பாதி சாப்பிடும்போது எனக்கு போன் வந்தது. டீக்கடைக்குப் பக்கத்துத் திருப்பத்தில் பெயிண்டர் மகளை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்று இவர் மூச்சிரைக்கச் சொன்னார்.

பெயிண்டருக்கு அவள் ஒரே மகள். டேங்குக்குக் கோடு போடும்போது அப்பாவுக்கு டேப் ஒட்டிக் கொடுப்பாள். பள்ளிக்கூடம் விட்டால் என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பெரியம்மா, இந்தத் துண்டு வேணுமா?" என்று ரெக்சின் வெட்டுகளைப் பொறுக்குவாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் வந்து உட்காராத நாளில் எனக்கு வேலையே ஓடாது.

நான் அழுதுகொண்டே சொன்னதும் தம்பியின் கையில் இருந்த தட்டு ஆடியது. பாசம் என்று நினைத்தேன். நாசமாய்ப் போனவள், பாசம் என்றுதான் நினைத்தேன்! என் மிக்சியிலேயே பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். பெயிண்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

காலையில் பிள்ளை போய்விட்டது. வெள்ளைத் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். ஒரு பக்கம் மட்டும்தான் அவள் முகம். நான் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

போலீஸ்காரர் வந்து இவரிடம் கேட்டார். "நீங்கதான முதல்ல ஓடிப் போனீங்க, வண்டியைப் பார்த்தீங்களா?" இவர் பார்க்கவில்லை என்றார். அது உண்மைதான். ஆனால் போலீஸ்காரர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பெயிண்டர் வந்து இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"நீ பார்த்திருக்க மாட்ட. கேட்டிருப்பல்ல? சொல்லுண்ணே. எந்த வண்டி?"

இவர் சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். காதுக்குத்தான் நான் சொல்வது எதுவும் கேட்காதே.

"பேக்கரி" என்றார். "செருமிச்சு. ரெண்டு தடவை. அடிச்சதும் ஆக்சிலரேட்டரை விட்டான், அப்ப செருமிச்சு. அப்புறம் முறுக்கிட்டுப் போய்ட்டான்."

அவ்வளவுதான். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வேறு எவன் சொல்லியிருந்தாலும் "நல்லா யோசிச்சுப் பாரு" என்றிருப்பார்கள். சொன்னது காது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின, நீலப் புகை நோயாளிகள் உட்கார்ந்திருந்த வராண்டா வரை போனது. முதலில் பாய்ந்து இன்னொருத்தன் வண்டியில் தொற்றிக்கொண்டவன் என் தம்பி. "வாங்கடா!" என்று கத்தினான். போகிற வேகத்தைப் பார்த்தால் ஒரு உயிரை எடுக்காமல் திரும்ப மாட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. பேக்கரிக்காரருக்குச் சளி பிடித்தால்கூடச் சத்தமாக இருமத் தெரியாது, அப்படிப்பட்ட மனிதர். அவரா அடித்துப் போட்டுவிட்டு ஓடுவார்? அடித்தே இருந்தாலும் கொல்லுவதா? மிக்சியை எவ்வளவு முறுக்கினாலும் அது போகிற வேகம்தான் போகும். வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பேக்கரியின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வாசலில் இவர்களுடைய வண்டிகள் கண்டபடி நின்றன. உள்ளே இரும்புத் தட்டுகள் சரிந்து விழும் சத்தம், நாற்காலி உடையும் சத்தம், நடுவில் பதம் பார்த்து அடிப்பதுபோல் மொத்து மொத்தென்று ஒரு சத்தம். ஷட்டரைக் கையாலும் காலாலும் தட்டினேன். "திறங்கடா, பாவிகளா! திறங்கடா!" யாரும் திறக்கவில்லை. மாவு மூட்டை இறக்குவதற்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. சந்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பின் முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழ் பேக்கரிக்காரர் வண்டி நின்றது. அதைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். தாண்டியவள் நின்றேன்.

வண்டியில் சைலன்சர் இல்லை. இரண்டு பக்கமும் இல்லை. தூசி போகாமல் இருக்க சிலிண்டர் வாய் இரண்டிலும் பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தது.

சைலன்சர் போன இடத்துக்குத்தானே செருமலும் போகும்! இந்த வண்டிகளோடு குப்பை கொட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் இது. அந்தச் சைலன்சரைப் பற்றவைத்தவருக்குத் தெரியாதா? ஆத்திரத்தில் ஒருத்தன் புத்தியிலும் ஏறவில்லை. பெரிய காது!

அது யாரிடம் கடனாகப் போயிருக்கும் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது, உடைந்த ஹெட்லைட், அவசர அவசரமாகத் தார்ப்பாய், ஆடிய தட்டு. அம்மா போனபோது அவன் நடை பழகிக்கொண்டிருந்தான். என் இடுப்பில்தான் வளர்ந்தான். பொய் சொல்ல மாட்டேன், வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தம் என்றே சொல்ல முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மாவு பிசையும் மிஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்பின் இரும்புக் கதவு திறந்து அனல் அடித்தது. மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் பேக்கரிக்காரர் மல்லாந்து கிடந்தார். தரையில் கொட்டிய மாவு ரத்தத்தோடு சேர்ந்து கூழாகி அவர் முடியில் ஒட்டியிருந்தது. பெயிண்டர் டயர் கழற்றும் இரும்பு லீவரால் அவர் வலது காலை அடித்துக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"இந்தக் காலால பிரேக் மிதிக்க முடியலையாடா உனக்கு? இந்தக் காலால?"

ஒவ்வொரு "காலால"வுக்கும் ஒரு அடி.

மற்றவர்கள் அவர் கைகளை மிதித்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் சுவரோடு ஒட்டி, முகம் வெளிறி, "போதும்டா, போலீஸ்ல கொடுத்துரலாம்டா" என்று முனகிக்கொண்டிருந்தார். யாருக்குக் கேட்கும்?

என் தம்பி தலைப்பக்கம் நின்றான். பேக்கரிக்காரர் காலையும் வயிற்றையும் அவன் தொடவில்லை. ஷூ போட்ட காலால் வாயிலேயே உதைத்தான். பேக்கரிக்காரரின் தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. அவர் ஏதோ சொல்ல முயன்று முக்கினார், உடனே வாயிலேயே இன்னொரு உதை. "பேசாதடா நாயே! பேசாத!" பல் ஒன்று தெறித்து என் கால் அருகே விழுந்தது.

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். மிதிபட்ட கையை இழுத்து எடுத்து, விரலை நீட்டினார். என் தம்பியை நோக்கி நீட்டினார். கெஞ்சுகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"நிறுத்துங்கடா!" என்று நான் போட்ட கூச்சலில் பெயிண்டரின் கை மேலேயே நின்றது. "நிறுத்தித் தொலைங்கடா! பின்னால போய் வண்டியைப் பாருங்க! சைலன்சரே இல்ல. துணியை அடைச்சு வெச்சிருக்கார். சைலன்சர் இல்லாத வண்டி எப்படிடா செருமும்?"

இவர் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கேட்டது அந்தச் சத்தம்தான்" என்றார். "சத்தியமா அந்தச் சத்தம்தான்."

"சத்தம் அதுதான். வண்டி வேற."

பெயிண்டர் லீவரை இறக்காமலே என்னைப் பார்த்தான். "அப்ப எந்த வண்டி? யாருகிட்ட கொடுத்தான்? உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"அக்கா" என்றான் என் தம்பி. மெதுவாகத்தான் சொன்னான். "வேணாம்க்கா."

அதுவே போதுமாக இருந்தது. இருந்தாலும் நான் சொன்னேன். வேறு யார் வாயாலும் அது வரக் கூடாது என்று தோன்றியது. "என் வீட்டு முற்றத்துல நிக்குது. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு. ஹெட்லைட் உடைஞ்சிருக்கு. நேத்து இவன்தான் தள்ளிட்டு வந்தான்."

அவன் பின்கதவுக்குப் பாய்ந்தான். கதவை மறித்து நின்றது நான். சட்டையைப் பிடித்தேன். "வேணும்னு அடிக்கல, திடீர்னு குறுக்க வந்துட்டாக்கா" என்றான்.

"வந்தா? தூக்கிட்டு ஓட வேண்டியதுதான? அவ அங்கயே கிடந்தாளேடா! இந்த மனுஷனை எதுக்குடா வாயில மிதிச்ச?"

"விடுக்கா!"

விடவில்லை. முஷ்டியை மடக்கி என் முகத்தில் குத்தினான். மூக்கு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. நான் ஊட்டி வளர்த்த கைதான் அது. ரத்தம் வாய்க்குள் இறங்கியது, சட்டையை மட்டும் விடவில்லை.

அவன் தோளுக்கு மேல் பெயிண்டர் வருவது தெரிந்தது. லீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அந்தக் கண்ணைப் பார்த்தேன். மண்டையைத்தான் குறி வைத்திருந்தான். ஒரே அடி, அதற்கப்புறம் எனக்குத் தம்பி இல்லை. பெயிண்டர் கையைப் பிடித்துத் தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எந்த வாயை வைத்துக்கொண்டு "விட்டுடு" என்று கேட்பேன்?

பக்கத்து ரேக்கில் இருந்து ரொட்டி வைக்கும் இரும்புத் தட்டு ஒன்றை உருவி, நானே என் தம்பியை அடித்தேன்.

அவன் எதிர்பார்க்கவில்லை. நெற்றி பிளந்து முழங்காலில் விழுந்தான். பெயிண்டர் நின்றுவிட்டான். மறுபடி அடித்தேன். நான் அடித்துக்கொண்டே இருந்தால் மற்றவன் கை நீள இடம் இருக்காது, நான் அடித்தால் எலும்பு உடையும், உயிர் மிஞ்சும். அந்தக் கணக்கில்தான் ஆரம்பித்தேன். கூடப்பிறந்தவள் கணக்கு.

தோளில் அடித்தேன். தடுக்க வந்த கையில் அடித்தேன், விரல்கள் பின்பக்கமாக மடிந்தன. "அக்கா, அக்கா" என்று காலைக் கட்டிக்கொண்டான். அந்தப் பிள்ளையும் இப்படித்தானே கீழே கிடந்து யாரையாவது கூப்பிட்டிருக்கும்? இவன் ஆக்சிலரேட்டரை விட்டானே, ஒரு கணம் நின்றுதானே இருக்கிறான், பார்த்துத்தானே இருக்கிறான்? பார்த்துவிட்டுத்தானே முறுக்கினான்? அப்புறம் என் வீட்டில் வந்து என் கையால் சோறு வாங்கித் தின்றானே! எனக்குள் ஏதோ அறுந்தது. தட்டைத் திருப்பி விளிம்பால் அடிக்க ஆரம்பித்தேன். முதுகில், கழுத்தில், மண்டையில். இப்போது நான் யாரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை. அவன் "அக்கா" என்பதை நிறுத்தினான். எனக்குக் கை நிற்கவில்லை.

பின்னாலிருந்து யாரோ என் இடுப்பைக் கட்டித் தூக்கினார்கள். திமிறினேன், முழங்கையால் இடித்தேன், கடித்தேன்.

"போதும் அண்ணி! விடுங்க! செத்துருவான் அண்ணி!"

பெயிண்டர். லீவர் எங்கேயோ கிடந்தது. என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவனால் அந்தத் தட்டைப் பிடுங்க முடிந்தது. பிடுங்கிய பிறகும் என்னை விடாமல் கட்டிக்கொண்டு, என் தோளில் முகத்தை வைத்து, மகள் செத்ததிலிருந்து அழாதவன், வாய்விட்டு அழுதான்.

ஷட்டரைத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸும் வந்தது. முதலில் பேக்கரிக்காரரைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். அவர் கால் தனியாக ஆடியது. "இவரை யாரு இப்படிப் பண்ணது?" என்று காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்த அதே போலீஸ்காரர் கேட்டார். பெயிண்டர் கையைத் தூக்கினான். என் வீட்டுக்காரர் எழுந்து முன்னால் வந்து, "நான் சொல்லித்தான் சார் எல்லாரும் வந்தாங்க. நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றார்.

போலீஸ்காரர் அடுப்புப் பக்கம் திரும்பினார். அங்கே என் தம்பி மாவிலும் ரத்தத்திலும் சுருண்டு, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தான். கண்கள் வீங்கி மூடியிருந்தன. நான் கீழே உட்கார்ந்து அவன் தலையை எடுத்து என் மடியில் வைத்தேன். என் கை பட்டதும் அவன் உடம்பு பயந்து ஒடுங்கியது.

"இவனை யாரு அடிச்சது?"

பெயிண்டர் எனக்காகப் பொய் சொல்ல வாயைத் திறப்பது தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான். இவனோட அக்கா."